அடைமழைக்கு முன்னால்: வளவை மூடலாமா?

கேள்வி: பள்ளத்தூர் பக்கம் எங்கள் ஐயா கட்டிய வீடு, ஆறு பங்காளிகளுக்குப் பொது. மற்றவர்கள் சென்னை, சிங்கப்பூர் என்று இருக்க, 74 வயதாகிற எங்கள் ஆத்தா மட்டும் அங்கே இருக்கிறார்கள். போன ஐப்பசி மழையில் வீட்டின் இரண்டாம் கட்டில் (பின்பகுதியில்) நாலைந்து இடத்தில் ஒழுகியது. நடுவில் இருக்கிற திறந்த முற்றமான வளவுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பட்டாலை என்கிற கூடத்துச் சுவரில் பெயிண்ட் கொப்பளித்து உதிர்கிறது. வளவுக்கு மேலே ஷீட் போட்டு மூடிவிடலாம், சுவருக்கு வாட்டர்புரூஃப் பூச்சு அடித்துவிடலாம் என்று ஒரு கான்ட்ராக்டர் சொல்கிறார். மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான். செய்யலாமா? வேறு என்ன செய்ய வேண்டும்?

பதில்:

இரண்டையும் செய்யாதீர்கள். அந்தப் பணத்தில் கால்வாசியை வைத்தே இந்த மழையைத் தாண்டிவிடலாம்.

முதலில் ஷீட். நம் செட்டிநாட்டு வீடு மழையை வெளியே நிறுத்துவதற்காகக் கட்டியது இல்லை. வறண்ட சீமை என்பதால் மழையை உள்ளே வாங்கி, கிடாரம் என்கிற பெரிய பாத்திரத்தில் பிடித்து, மிச்சத்தைத் தூம்பு என்கிற வடிகால் வழியாகத் தெருவுக்கும் அங்கிருந்து ஊரணிக்கும் அனுப்புகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். வளவைச் சுற்றியுள்ள கூரை உள்பக்கமாகச் சரிவதே அதற்காகத்தான். அந்த உள்சரிவு மட்டும் 2,000 சதுர அடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சாயங்காலம் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் வளவுக்கு வருகிறது. ஷீட் போட்டால் அந்தத் தண்ணீர் எங்கேயும் போய்விடாது, வேறு இடத்தில் கொட்டும். பெரும்பாலும் வெளிச்சுவரின் அடியில், அதாவது அஸ்திவாரத்தில். உள்ளே இருக்கிற ஈரக் காற்றுக்கும் மேலே போக வழி இருக்காது, ஒரு மழைக்காலம் போதும், தேக்கு உத்திரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். காற்றையும் மறந்துவிட வேண்டாம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது என்றாலும் புதுக்கோட்டை மாவட்டம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும், ஷீட் போட்ட கூரைகளைத்தான் காற்று முதலில் தூக்கிக்கொண்டு போனது. குரங்குத் தொல்லைக்காக மூடப் பார்க்கிறீர்கள் என்றால் கம்பி வலை போடுங்கள், மழையும் காற்றும் அதன் வழியே வந்து போகட்டும்.

வளவில் தண்ணீர் நின்றது என்கிறீர்களே, அதுதான் உங்கள் கேள்வியிலேயே பெரிய விஷயம், ஒழுகல்கூட அதற்கு அடுத்ததுதான். ஊருக்குப் போன அன்றைக்கே வளவு மூலையில் இருக்கிற தூம்பின் கல்மூடியைக் கிளப்பிப் பாருங்கள். இலை, பல்பம், பிளாஸ்டிக் கவர், செத்த அணில் எல்லாம் இருக்கும். அள்ளி எடுத்துவிட்டுப் பத்துக் குடம் தண்ணீரை மடமடவென்று ஊற்றுங்கள், அதே நேரத்தில் ஓர் ஆள் தெருவில் நின்று தண்ணீர் எங்கே வெளியே வருகிறது, எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்க்கட்டும். உள்ளே தேங்கி வெளியே கசிகிறது என்றால் நடுவில் அடைப்பு. மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்தலாம், ஆனால் பழைய சுடுமண் குழாயாக இருந்தால் குத்துகிற குத்தில் உடைந்து வீட்டுத் தரைக்கு அடியில் தண்ணீர் பரவும், அதனால் நிதானம். ஜெட்டிங் மெஷின் வைத்திருக்கிறவர்கள் காரைக்குடியில் கிடைப்பார்கள், அழுத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்லிச் செய்யுங்கள்.

அடைப்பே இல்லாமல் தேங்குகிறது என்றால் சங்கதி தெருவில் இருக்கிறது. தெருவில் பழைய தாரின் மேல் புதுத் தார், அதன் மேல் சிமெண்ட் என்று போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் தெருவைவிட ஓர் அடி உயரத்தில் இருந்த தூம்பு வாய் இப்போது தெருமட்டத்துக்கே வந்திருக்கும், சில வீடுகளில் கீழேயே போய்விட்டது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று அரசு சொல்லியிருக்கிறதுதான், உங்கள் தெருவில் அது நடந்ததா என்பது வேறு கதை. இந்த மழைக்குச் செய்யக்கூடியது: தூம்பு வெளியே வருகிற இடத்தில் தெருத்தண்ணீர் திரும்பி உள்ளே ஏறாதபடி ஒரு பக்கம் மட்டும் திறக்கிற வால்வு மூடி ஒன்றைப் பொருத்தி, தூம்புக்குப் பக்கத்தில் சின்னத் தொட்டி ஒன்று எடுத்து, அதில் தானாக ஓடி நிற்கிற முக்கால் குதிரைத்திறன் கழிவுநீர் மோட்டாரை இறக்கி வையுங்கள். கரண்ட் போனாலும் மோட்டார் ஓடுகிற மாதிரி இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள், வீட்டுக்குப் போடுகிற சாதாரண இன்வெர்ட்டர் மோட்டாரைத் தாங்காது.

இப்போது கூரை. எங்கே சொட்டுகிறதோ அதற்கு நேர் மேலே ஓடு உடைந்திருக்கும் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் தப்பான இடத்தில் பிரிக்கிறார்கள். தண்ணீர் உள்ளே இறங்கி, கூரையைத் தாங்குகிற கைமரத்தைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு அடி சரிந்து வந்து, ஏதாவது ஓர் ஆணியைக் கண்டு அங்கே சொட்டும். அதனால் கீழே நின்று டார்ச் அடித்துக் கைமரத்திலும் அதன் மேல் குறுக்கே அடித்த ரீப்பரிலும் கறுத்த கறையைத் தேடி, அந்தக் கறை மேல்நோக்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். நாட்டு ஓட்டை அடுக்கடுக்காகப் போட்டிருப்பதால் வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பது நம் வீடுகளில் பயன்படாது. சந்தேகமாக இருந்தால் ஓட்டு வேலைக்காரரை ஏற்றித் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். கீழ் விளிம்பில் தொடங்கி, ஒரு வாளி ஊற்றி, பத்து நிமிடம் பொறுத்து, அப்புறம் இரண்டடி மேலே. முகட்டிலிருந்து ஊற்றினால் எல்லாமே நனைந்துவிடும், எந்த ஓட்டில் குறை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பெரும்பாலும் ஓடு உடைந்திருக்காது, விலகியிருக்கும். மயிலும் குரங்கும் நடக்கிற ஊர், தென்னை மட்டை விழுகிற ஊர், விலகத்தான் செய்யும். இன்னொன்று, இரண்டு சரிவும் சந்திக்கிற பள்ளத்தில் பதித்திருக்கிற தகரம். ஒழுகலில் நிறைய இங்கிருந்தும் வரும். துருவேறி ஓட்டை விழுந்திருக்கும், அல்லது குப்பை சேர்ந்து தண்ணீர் தகரத்தின் விளிம்பைத் தாண்டி உள்ளே வழியும். இதை மட்டும் மாற்றிவிட்டு மற்ற கூரையைத் தொடாமல் இருந்தாலே ஒழுகல் நின்றுவிடலாம். கைப்பிடிச் சுவர் இடுக்கில் முளைத்திருக்கிற அரசங்கன்றை இப்போதே வேரோடு பிடுங்குங்கள், வெட்டிவிட்டால் மழை முடிவதற்குள் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். விலகிய இடத்தில் சிமெண்ட் பூசிவிடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெயிலில் ஓடும் சிமெண்டும் ஒரே மாதிரி விரியாது, அடுத்த சித்திரையில் அந்தப் பூச்சு வெடித்து, பக்கத்து ஓட்டையும் சேர்த்துப் பெயர்க்கும். ஈரக் கூரையில் யாரையும் ஏற்றாதீர்கள், அதுவும் தொட்டால் தொளதொளக்கிற கைமரம் இருக்கிற பகுதியில் கண்டிப்பாக வேண்டாம். ஓட்டு வேலை முடியாமல் மழை பிடித்துக்கொண்டால் தார்ப்பாயை முகட்டைத் தாண்டி மறுபுறம் வரை விரித்து, மணல் மூட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். ஆணி அடிக்கக் கூடாது.

தட்டோடு பதித்த மட்டப்பாவும் (மொட்டைமாடி) இருக்கிறது என்றால் அங்கே தண்ணீர் போகிற துளையைச் சுத்தம் பண்ணுங்கள், அது போதும். கீழே உத்திரத்தின் இரண்டு முனையும் சுவருக்குள் நுழைகிற இடத்தை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்த அறைக்கு முட்டுக் கொடுக்காமல் யாரையும் உள்ளே விட வேண்டாம்.

சுவருக்கு வருகிறேன். பட்டாலைச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியது, தரை ஈரம் அதில் ஏறத்தான் செய்யும், ஏறியது காற்றுப் பட்டுத் தானே காய்ந்தும் போகும். அதன் மேல் எமல்ஷன் பெயிண்ட் அடித்த அன்றைக்கே அந்த வழி அடைபட்டுவிட்டது. நனைந்த துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்த கதைதான். ஈரம் போக இடமில்லாமல் பெயிண்டைத் தள்ளுகிறது, கூடவே உப்பும் வெளியே பூக்கிறது. இதற்கு மேல் வாட்டர்புரூஃப் பூச்சும் அடித்தால் ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறி, இப்போது இருக்கிற கறை அடுத்த வருஷம் இன்னும் மேலே போகும். உதிர்கிற பெயிண்டைச் சுரண்டிவிட்டு, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து (தண்ணீரால் கழுவாதீர்கள், உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும்), மழை முடிகிற வரை சுவரை அப்படியே விட்டுவிடுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, பரவாயில்லை. சுண்ணாம்பு வேலை மாசி, பங்குனியில் செய்ய வேண்டியது. இறுகுவதற்கு நாள் பிடிக்கும், இப்போது பூசினால் அடைமழையில் ஊறி வெளியே வரும். முட்டை வெள்ளைக்கரு போட்டு மெருகேற்றிய பழைய பூச்சு எங்கேயாவது மிச்சமிருந்தால் அதன் மேல் எந்தக் கையும் வைக்கக் கூடாது, அந்த வேலை தெரிந்த கொத்தனார் இன்றைக்குக் கிடைப்பது கஷ்டம். ஆத்தங்குடிக் கல் தரையில் தண்ணீர் நின்று கறை பிடித்திருந்தாலும் ஆசிட் மட்டும் போடாதீர்கள். சிமெண்டும் வர்ணமும் சேர்ந்து வார்த்த கல், பூவே அரித்துப் போய்விடும்.

மழை பிடித்த பிறகு கதவுகள் ஊதிச் சாத்த முடியாமல் நிற்கும், உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள். பங்குனியில் மரம் சுருங்கும்போது இழைத்த இடத்தில் விரல் நுழைகிற இடைவெளி விழுந்துவிடும்.

பங்காளி விஷயம். ஒவ்வொருவர் அறையும் தனித்தனிப் பூட்டு. அதில் யாராவது ஒருவர் அறையில் ஒழுகி, பத்து வருஷமாக யாருக்கும் தெரியாமல் கரையான் ஏறி, அங்கிருந்து பொதுக் கூரைக்கு வந்திருக்கும், இதை நான் பல வீடுகளில் பார்க்கிறேன். எல்லாரிடமும் பேசி ஒரு சாவிக்கொத்தை ஊரிலேயே நம்பிக்கையான ஒருவரிடம் வைத்து, முதல் நல்ல மழைக்கு மறுநாள் எல்லா அறையையும் திறந்து, வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போடச் சொல்லுங்கள். செலவைப் புள்ளிக் கணக்கில், அதாவது குடும்பத்துக்கு ஒரு பங்கு என்று பிரிப்பதற்கும் அந்த வீடியோதான் பேசும். சண்டை வராது என்று சொல்லவில்லை, குறையும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத விஷயம்: உங்கள் ஆத்தா, அதாவது ஆச்சி. வீடு நனைந்தால் காயும், அவர்கள் தனியாக இருப்பதுதான் எனக்குக் கவலை.

கரண்டிலிருந்து தொடங்குங்கள். மெயினுக்குப் பக்கத்தில் கரண்ட் கசிந்தால் தானே அணைந்துகொள்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள், மரப்பட்டி ஒயரிங் இருக்கிற வீட்டில் பெரும்பாலும் இருக்காது. ஓட்டு வேலைக்கு முன்னாலேயே இதைப் போட்டுவிடுங்கள். ஈரச் சுவரோ இரும்புத் தூணோ லேசாகச் சுருக்கென்று இழுத்தால் உடனே மெயினை அணைக்க வேண்டும் என்று ஆச்சிக்கும் வேலை செய்கிற பெண்ணுக்கும் சொல்லிக் கொடுங்கள். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் இருந்தால் ஒயரில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும், அதையும் சேர்த்து அணைக்க வேண்டும், இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. இன்வெர்ட்டரும் பேட்டரியும் தரையில் இருந்தால் இரண்டடி மேடையில் ஏற்றிவிடுங்கள்.

புயல் அறிவிப்பு வந்தால் ஆச்சி முழு வீட்டையும் ஆள வேண்டாம். ஒழுகாத ஓர் அறை, கட்டில், பக்கத்தில் கழிவறை, அவ்வளவு போதும். கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் கரண்ட் வர நாள்கணக்கானது, அதனால் பதினைந்து நாள் மருந்து, மூன்று நாளைக்குக் குடிதண்ணீர், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், டார்ச், கொஞ்சம் ரொக்கம் எல்லாம் அந்த அறையிலேயே இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் என்றால் ஃபிரிட்ஜ் ஓடாத நாளுக்கு ஒரு மண்பானை ஏற்பாடு. தரையில் பாய் விரித்துப் படுக்கக் கூடாது, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். மழையில் பொந்து நிறைந்து வீட்டுக்குள் வருகிற கட்டுவிரியன் ராத்திரி தூங்குகிறவர்களைத்தான் கடிக்கும், பல நேரம் கடித்ததே தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலி, கண் இமை தூக்க முடியவில்லை என்று சொன்னால் மந்திரிக்கப் போகாமல் 108 கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லி வையுங்கள்.

சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டிய எண்கள்: மாவட்டப் பேரிடர் உதவி 1077, மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987, ஆம்புலன்ஸ் 108, அப்புறம் பக்கத்து வீட்டு எண். பக்கத்து வீட்டு எண்தான் முதலில் பயன்படும். ஓட்டு விளிம்புக்குக் கீழே கிடாரம் வைத்து மழைத்தண்ணீர் பிடிக்கிற வழக்கம் இருந்தால் நல்லதுதான், மெல்லிய துணியால் வேடு கட்டி வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் டெங்குக் கொசு அதில்தான் முட்டையிடும்.

வீட்டுக் காப்பீடு எடுக்கிற எண்ணம் இருந்தால் புயல், வெள்ளம் இரண்டையும் ஏற்கிற ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்கிற பொதுவான பாலிசி 2021 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. பங்காளிகள் சேர்ந்து உரிமை வைத்திருக்கிற, பாதி அறைகள் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு இழப்பீடு தருவார்களா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிவிட்டுப் பணம் கட்டுங்கள்.