பெரிய மீன் தொட்டி எந்த அளவில் வாங்கலாம்? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

4 அடியும் அதற்கு மேலும் தொட்டி வைக்க நினைக்கிறவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். நன்னீர் மீன்களைப் பற்றித்தான் பேசுவேன்.

கேள்வி: அண்ணா, ஹாலில் வைக்க 4 அடித் தொட்டி பார்க்கிறேன். கடையில் ரெடியாக இருப்பது அகலம் ஒன்றரை, உயரம் 2. எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். அதே நீளத்தில் அகலம் 2, உயரம் ஒன்றரை என்று சொல்லிச் செய்து வாங்குங்கள். சென்னையில் இருந்தால் கொளத்தூர் பக்கம் போங்கள், கேட்ட அளவில் ஒட்டிக் கொடுப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கி, வருவதை 28.3ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். இந்த இரண்டு தொட்டியுமே 12 கன அடி, சுமார் 340 லிட்டர். தண்ணீர் அளவு ஒன்றுதான், ஆனால் மீனுக்கு இரண்டும் ஒன்றில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜன் தண்ணீரின் மேற்பரப்பு வழியாகத்தான் இறங்குகிறது. கடைக்காரர் காட்டிய தொட்டியில் அந்தப் பரப்பு 6 சதுர அடி, நான் சொல்வதில் 8. மீன் உடம்பை வளைத்துத் திரும்புவதும் அகலத்தில்தான். தண்ணீர் கண்ணாடியைத் தள்ளும் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது, அதனால் உயரம் கூடக் கூடக் கண்ணாடியும் தடிமனாக வேண்டும், விலையும் ஏறும். அப்புறம், இடுப்பளவு ஸ்டாண்டின் மேல் 2 அடி உயரத் தொட்டி என்றால், அடியில் சாய்ந்துவிட்ட ஒரு செடியை நிமிர்த்தக்கூட ஸ்டூல் போட்டு ஏறி, தோள்வரை கையை விட்டு, கன்னம் தண்ணீரில் படத் துழாவ வேண்டும். அந்தச் சிரமத்தினாலேயே சுத்தம் செய்வது வாரக்கணக்கில் தள்ளிப்போகும். எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: உயரத்தில் போடும் காசை அகலத்தில் போடுங்கள்.

கேள்வி: 3 அடித் தொட்டியில் 5 இஞ்ச் வெள்ளி அரோவானா வைத்திருக்கிறேன். தொட்டிக்குத் தக்கபடிதான் மீன் வளரும் என்றார்கள். உண்மையா?

பதில்: இல்லை. இந்தப் பேச்சினால் செத்த மீன்கள் ஏராளம். இடமும் நல்ல தண்ணீரும் இல்லாவிட்டால் வளர்ச்சி குன்றும், முதுகு வளையும், ஆயுள் குறையும். அதைத்தான் தொட்டிக்குத் தக்கபடி வளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். வெள்ளி அரோவானா 3 அடி வரை வளரக்கூடிய மீன், வீட்டுத் தொட்டியிலேயே 2 அடியைத் தாண்டும். அதற்கு அகலம் 3 அடி, நீளம் 8 அடி வேண்டும். உயரம் 2 அடி போதும், அது மேல்மட்டத்தில் நீந்துகிற மீன். கணக்குப் போட்டால் 1,350 லிட்டர் வருகிறது. இதற்கு வீட்டில் இடம் இல்லையென்றால் மீன் சிறிதாக இருக்கும்போதே இடம் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். வைத்திருக்கும்வரை மூடி இல்லாமல் ஒரு ராத்திரிகூட விடாதீர்கள், குதித்துவிடும்.

கேள்வி: முதல் மாடியில் 4க்கு 2க்கு 2 வைக்கலாமா சார்?

பதில்: நிரம்பினால் தண்ணீர் மட்டும் 450 கிலோ. 12 எம்எம் கண்ணாடி 90 கிலோ வரும், ஸ்டாண்ட், மணல், கல் எல்லாம் சேர்த்து 650 கிலோ என்று வையுங்கள். பீம் ஓடும் இடத்தில் சுவரை ஒட்டி வைப்பதாக இருந்தால் யோசிக்கலாம், அறையின் நடுவில் கூடாது.

இதற்கு சிவில் இன்ஜினியர் ஒருவரின் மறுப்பு: குடியிருப்புத் தளங்களுக்கு ஐஎஸ் 875 (கட்டிடப் பளுவுக்கான இந்தியத் தரவிதி) சொல்லும் பயன்பாட்டுப் பளு, அதாவது ஆட்கள், சாமான்களின் எடை, சதுர மீட்டருக்கு 200 கிலோ. உங்கள் தொட்டி நிற்பது முக்கால் சதுர மீட்டரில், அங்கே பளு சதுர மீட்டருக்கு 850 கிலோவுக்கு மேல் போகிறது. எப்படி யோசிக்கலாம் என்கிறீர்கள்?

இன்னொருவர்: எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அதே அறையில் நாற்பது பேர் நின்றார்கள், ஒன்றும் ஆகவில்லையே.

பதில்: இன்ஜினியர் சொன்ன எண் சரி. ஆனால் அந்த 200 கிலோ தளம் முழுக்கப் பரவியிருக்கும் பளுவுக்கான கணக்கு. 12 சதுர மீட்டர் அறைக்கு மொத்தம் 2,400 கிலோ வருகிறது. அதற்காக 650 கிலோவை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று ஆகிவிடாது. ஸ்லாபின் நடுவில் வைத்தால் வளைவு அதிகம், பீமுக்கு மேல் வைத்தால் பளு நேராகத் தூணுக்குப் போய்விடும். எல்லாச் சுவருக்கும் அடியில் பீம் இருக்காது, நடுவில் தடுப்பாகக் கட்டிய சுவர்களும் உண்டு. கீழ் வீட்டுக்குப் போய் சீலிங்கைப் பாருங்கள், எங்கே பீம் இறங்கித் தெரிகிறதோ அதற்கு நேர் மேலே உங்கள் இடம்.

கிரகப்பிரவேசக் கணக்கை நான் ஏற்க மாட்டேன். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தொட்டி வருடக்கணக்கில் அதே இடத்தில் நிற்கும், நிரந்தரப் பளுவில் கான்கிரீட் மெல்ல மெல்லத் தொய்யும். ஒன்று ஆகவில்லை என்பதை வைத்து இன்னொன்று தாங்கும் என்று முடிவு செய்யாதீர்கள். மாடி வீட்டுக்கு என் வரம்பு 4க்கு ஒன்றரைக்கு ஒன்றரை. அதற்கு மேல் எதுவானாலும் கட்டிட வரைபடத்தோடு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைப் பாருங்கள், தொட்டிக்குக் கொடுக்கும் காசில் அது சிறு பங்குதான். மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் மாடியில் பெரிய தொட்டியே வேண்டாம்.

இன்ஜினியர் மறுபடியும்: நாலு கால் ஸ்டாண்டைப் பற்றி நீங்கள் சொல்லவே இல்லை.

பதில்: நல்ல நினைவூட்டல், நன்றி. நாலே காலில் 650 கிலோ நின்றால் ஒரு காலுக்கு 160 கிலோவுக்கு மேல், அதுவும் உள்ளங்கையை விடச் சிறிய இடத்தில். டைல்ஸ் விரிசல் விடும். அடியில் சுற்றிலும் சட்டம் ஓடுகிற ஸ்டாண்டாக வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். தொட்டியை ஏற்றுமுன் ரசமட்டம் வைத்துப் பாருங்கள், பிறகு தெர்மோகோல் ஷீட் விரித்து அதன் மேல் வையுங்கள்.

கேள்வி: 6 அடிக்குக் கண்ணாடி எத்தனை எம்எம்?

பதில்: உயரம் சொல்லாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? 2 அடி உயரம் வரை 12 எம்எம், மேலே நீளவாக்கில் பிரேசிங் (விளிம்பில் ஒட்டும் கண்ணாடிப் பட்டை) கண்டிப்பாக. இரண்டரை அடி என்றால் 15க்குக் குறையக்கூடாது. சம்ப் (தொட்டிக்கு அடியில் வைக்கும் வடிகட்டித் தொட்டி) வைப்பதாக இருந்தால் துளையை முதலிலேயே போட்டுவிட வேண்டும், டெம்பர்டு கண்ணாடியில் பிறகு துளை போட்டால் அப்படியே நொறுங்கிவிடும்.

கேள்வி: 4 அடி நீளம், ஒன்றரை அகலம், 2 உயரம் ஓகேவா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஆஸ்கார் மீன் மூன்று வாங்கியிருக்கிறேன், 4 அடி போதுமா?

பதில்: ஒவ்வொன்றும் ஒரு அடி வளரும். 4க்கு 2க்கு 2 என்றால் இரண்டு, மூன்று என்றால் 6 அடி.

கேள்வி: கடல் மீனுக்கு எந்த அளவு?

பதில்: பவளம், உப்புநீர் எல்லாம் தனி வித்தை. அதைச் செய்கிறவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: மூன்றாவது மாடி பிளாட். 6 அடித் தொட்டி லிப்டில் போகுமா தம்பி?

பதில்: பெரும்பாலான லிப்டில் போகாதுங்க அக்கா. படிக்கட்டு திரும்புகிற இடத்தை அளந்து பாருங்கள். முடியாவிட்டால் கண்ணாடிகளைத் தனித்தனியாக ஏற்றி வீட்டிலேயே ஒட்டச் சொல்லலாம். ஒட்டியபின் ஒரு வாரம் சிலிக்கான் காயட்டும், அதற்குமுன் நிரப்பவே கூடாது. முதலில் மேலே இன்ஜினியரோடு பேசியதையும் படித்துவிடுங்கள்.

கேள்வி: ரெட்டெயில் கேட்பிஷுக்கும் அலிகேட்டர் கார் மீனுக்கும் 6 அடி போதுமா?

பதில்: எந்த அளவும் போதாது. முதலாவது 3 அடியைத் தாண்டும், இரண்டாவது 6 அடிக்கு மேல்கூட வளரும். வளர்ந்தபின் ஏரியில் விட்டுவிடலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்து ஆறுகளில் அலிகேட்டர் காரும் அரபைமாவும் வலையில் சிக்கின. யாரோ வாங்கி வளர்த்த மீன்கள் அவை.

கேள்வி: 450 லிட்டர் வைத்தால் தண்ணீர் மாற்றுவது பெரிய வேலையா? எங்களுக்கு லாரித் தண்ணீர்தான்.

பதில்: இதை வாங்குமுன் கேட்டீர்களே, சந்தோஷம். வாரம் கால் பங்கு என்றால் 110 லிட்டர், ஏழு குடத்துக்கு மேல். தண்ணீர் அதிகமாக இருப்பதால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் வெப்பமும் சட்டென்று ஏறாது, அது பெரிய தொட்டியின் நன்மை. ஆனால் கோடையில் லாரி ஒரு வாரம் வராமல் போனால் இந்த ஏழு குடத்தை எங்கிருந்து எடுப்பீர்கள்? 200 லிட்டர் டிரம் ஒன்றை நிரப்பித் தனியாக வைக்க இடம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் 4க்கு ஒன்றரைக்கு ஒன்றரை எடுங்கள், அதற்கு நாலு குடம் போதும்.