நகை அடகில் இருக்கும்போது கல்லூரி மாறலாமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். கணவர் பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், நான் குமாஸ்தா. இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது மாதம் 5,400 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). வீடு, கார், சாப்பாடு, மகளின் போக்குவரத்து எல்லாம் சேர்த்து 4,250 செலவாகிவிடுகிறது. மூத்த மகள் சென்ற ஜூலையில் ஜோர்ஜ்டவுனில் ஒரு தனியார் கல்லூரியில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான கேம்பிரிட்ஜ் ஏ லெவல் சேர்ந்தாள். உயிரியல், வேதியியல், கணிதம். இப்போது ஏ.எஸ் தேர்வு (ஏ லெவலின் முதல் பாதி) எழுதிக்கொண்டிருக்கிறாள். வேதியியல் ஆசிரியர் பாதியில் விலகிவிட்டார், முன்னோட்டத் தேர்வில் அந்தப் பாடத்தில் D. ஜூலையிலிருந்து கோலாலம்பூர் பக்கம் சுபாங் ஜெயாவில் உள்ள கல்லூரிக்கு மாறவேண்டும் என்கிறாள். கெப்போங்கில் இருக்கும் என் நாத்தனார் தன் வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்கிறார். பேசாமல் ஆறாம் படிவத்தில் (அரசாங்கப் பள்ளியில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம் படிப்பு) சேர்த்துவிடு என்கிறார் கணவர். பணத்துக்கு நகையைத்தான் வைக்கவேண்டும். ஏற்கெனவே மூன்று அடகுச் சீட்டு இருக்கிறது: சங்கிலி 6,000 (இரண்டரை வருடம்), கொழுந்தனார் கடை திறக்க நாங்கள் அடகு வைத்துக் கொடுத்த வளையல் 5,000 (ஒன்றரை வருடம்), கல்லூரிக்கு வைத்த ஆரம் 7,000 (பத்து மாதம்). நகை எங்கேயும் போய்விடவில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி கட்டிச் சீட்டை மாற்றிக்கொள்கிறோம். நான்காவது சீட்டு போடலாமா?
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, கல்லூரி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் ‘நகை எங்கேயும் போய்விடவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்ப்போம். உங்கள் வீட்டுப் பணம் கசிவது அங்கேதான்.

அடகுக்கடை சட்டப்படி மாதம் 2 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். வருடத்துக்கு 24. கடன் அட்டையில் நிலுவை வைத்தாலே உச்ச வட்டி வருடம் 18 விழுக்காடுதான். அந்த அட்டையைக் கண்டு பயப்படும் குடும்பங்கள்கூட அடகுச் சீட்டைக் கடனாகவே நினைப்பதில்லை. பொருள் நம்முடையது என்ற தைரியம். இதுவரை நீங்கள் கட்டியதைத் தோராயமாகப் போட்டுப் பாருங்கள். சங்கிலிக்கு மாதம் 120, முப்பது மாதத்துக்கு 3,600. வளையலுக்கு மாதம் 100, பதினெட்டு மாதத்துக்கு 1,800. ஆரத்துக்கு மாதம் 140, பத்து மாதத்துக்கு 1,400. ஆக 6,800 வெள்ளி. அசல் 18,000 அப்படியே நிற்கிறது. சங்கிலிக்கு வாங்கிய கடனில் பாதிக்குமேல் வட்டியாகவே போய்விட்டது, சங்கிலி இன்னும் கடை இரும்புப் பெட்டியில்தான் இருக்கிறது.

இன்றைக்கு உங்கள் வட்டி மாதம் 360. வரவில் செலவும் வட்டியும் போக மிஞ்சுவது 790. ஜோர்ஜ்டவுன் கல்லூரியில் ஒரு பருவத்துக்கு 5,500 என்றால் மாதத்துக்குச் சுமார் 917 ஒதுக்கவேண்டும். 127 வெள்ளி குறைகிறது. ஒவ்வொரு ஜூலையிலும் ஜனவரியிலும் நகைப் பெட்டியைத் திறக்கவைப்பது இந்த 127தான், கல்லூரிக் கட்டணம் இல்லை. வட்டி மட்டும் இல்லாவிட்டால் உங்கள் சம்பளமே இந்தப் படிப்பைத் தாங்கும்.

இனி சுபாங் ஜெயா. நீங்கள் அனுப்பிய கட்டண விவரப்படி இரண்டு பருவத்துக்கு 14,400, பதிவுக் கட்டணம் 1,200. நாத்தனார் வீட்டில் சாப்பாட்டுக்குக் கொடுப்பதாகச் சொன்ன 300, பதினொரு மாதத்துக்கு 3,300. கெப்போங்கிலிருந்து சுபாங் ஜெயாவுக்குக் கொமுட்டர் ரயில் ஒரே தடத்தில் போகிறது. அந்தக் கட்டணமும் மாதம் ஒருமுறை ஊருக்கு வந்துபோகும் செலவுமாக மாதம் 200 என்று வைத்தால் 2,200. மொத்தம் 21,100. திரும்பக் கிடைக்கும் வைப்புப்பணம் 1,000-ஐ நான் சேர்க்கவில்லை. ஜோர்ஜ்டவுனிலேயே முடித்தால் 11,000-மும் பயணச் செலவு 1,100-மும், அதாவது 12,100. வித்தியாசம் 9,000 வெள்ளி. அதற்கு நான்காவது சீட்டுப் போட்டால் வட்டி 360-லிருந்து 540 ஆகும். இப்போது நடப்பதுபோலவே இரண்டு வருடம் சுற்றிக்கொண்டிருந்தால் வட்டி மட்டும் 12,960. அதற்குள் மகள் பட்டப்படிப்பில் இருப்பாள், அந்தச் செலவு தனி.

ஒரு பாடத்தில் வந்த D-க்கு 9,000 வெள்ளி அதிகம். வேதியியலுக்கு மட்டும் நல்ல டியூஷன் ஆசிரியரிடம் வாரம் ஒருமுறை அனுப்புங்கள். மாதம் 200 என்றாலும் பதினொரு மாதத்துக்கு 2,200-தான்.

பணம் ஒருபுறம் இருக்கட்டும். படிப்பின் கணக்கிலும் இந்த மாற்றம் அவ்வளவு எளிதில்லை. இதைக் கல்லூரிச் சேர்க்கை மேசையில் விளக்கமாகச் சொல்லமாட்டார்கள். கேம்பிரிட்ஜில் ஏ.எஸ் மதிப்பெண் முழு ஏ லெவலில் பாதி. அதைப் பதின்மூன்று மாதங்களுக்குள் அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லலாம், வேறு கல்லூரிக்கு மாறினாலும் செல்லும். ஆனால் புதிய கல்லூரியும் கேம்பிரிட்ஜ் மையமாக இருக்கவேண்டும். எடெக்செல் என்ற வேறு தேர்வு வாரியத்தின் பாடத்தை நடத்தும் கல்லூரி என்றால் இந்த ஏ.எஸ் அங்கே உதவாது. தேர்வுக்குப் பதியும்போது பழைய மையத்தின் எண்ணையும் மகளின் பழைய தேர்வெண்ணையும் கொடுத்து, மதிப்பெண்ணை எடுத்துவரும் பிரிவில் பதியவேண்டும். அதை விட்டுவிட்டால் எல்லாத் தாள்களையும் புதிதாக எழுதுபவளாகத்தான் அவள் பெயர் ஏறும்.

பெரும்பாலும் சிக்குவது கணிதத்தில். பாட எண் 9709. ஏ.எஸ்-ஸில் அவள் எழுதுவது தாள் 1-உம் தாள் 5-உமா, தாள் 1-உம் தாள் 4-உமா என்று கேளுங்கள். 5 என்பது நிகழ்தகவும் புள்ளியியலும், 4 இயந்திரவியல். அவள் 5-ஐ முடித்திருக்க, சுபாங் ஜெயாவில் முதல் ஆண்டில் 4-ஐ முடித்துவிட்டு இரண்டாம் ஆண்டில் 5-ஐ நடத்துகிறார்கள் என்றால், வகுப்பு படிப்பது அவளுக்கு முடிந்த தாள். அவளுக்கு வேண்டிய 4-ஐயோ 6-ஐயோ தனியாகத்தான் படிக்கவேண்டும். வேதியியலை நிமிர்த்தப் போய்க் கணிதத்தைச் சாய்த்துக்கொள்வதில் என்ன லாபம்?

அதோடு, ஜூன் தேர்வு முடிவு ஆகஸ்ட் மத்தியில்தான் வரும். ஜூலையில் பணம் கட்டிவிட்டால் முடிவு தெரியாமலே மாறியிருப்பீர்கள். வேதியியல் ஏ.எஸ் மோசமாக வந்தால் ஒரு தாளை மட்டும் திருத்தி எழுத முடியாது. அந்தப் பாடத்தின் ஏ.எஸ் தாள்கள் மூன்றையும் மறுபடி எழுதவேண்டும், செய்முறைத் தாள் உட்பட. அப்படிப்பட்ட நேரத்தில் பழகிய ஆய்வுக்கூடமும் அவளை அறிந்த ஆசிரியர்களும் இருக்கும் இடமே அவளுக்கு நல்லது. அதனால் ஜூலைப் பருவம் ஜோர்ஜ்டவுனிலேயே தொடங்கட்டும். வேதியியலுக்கு நிரந்தர ஆசிரியர் எப்போது வருவார் என்று கல்லூரிக்குக் கடிதம் எழுதி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஜூலைக் கட்டணத்தை மாதத் தவணையாகக் கட்ட அனுமதியும் அதே கடிதத்தில் கேளுங்கள். நிதிப் பிரிவில் முன்கூட்டியே கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் வழி செய்வார்கள், கெடு கடந்தபின் கேட்பவர்களுக்கு அபராதம்தான்.

உங்கள் கணவர் சொல்லும் ஆறாம் படிவத்தை மட்டமாக எண்ணாதீர்கள். எஸ்.டி.பி.எம் மூன்று பருவம், ஒன்றரை வருடம், அரசாங்கப் பள்ளியில் செலவு மிகக் குறைவு. சென்ற ஜூலையில் கேட்டிருந்தால் அதையே முதலில் பார்க்கச் சொல்லியிருப்பேன். இப்போது போனால் ஏ லெவலில் படித்தது எதுவும் கணக்கில் வராது, முதல் பருவத்திலிருந்து தொடங்கவேண்டும். இரண்டு பாடங்களில் தள்ளாடும் பிள்ளைக்கு அது சரியான வழி. ஒரு பாடத்தில் மட்டும் தடுமாறும் உங்கள் மகளுக்குத் தேவையில்லை. பல்கலைக்கழகங்கள் தாங்களே நடத்தும் ஃபவுண்டேஷன் படிப்புக்குத் தாவச் சொன்னாலும் இதே பதில்தான். அங்கேயும் முதலிலிருந்து தொடங்கவேண்டும், அந்தச் சான்றிதழை மற்றப் பல்கலைக்கழகங்கள் ஏற்குமா என்பதையும் தனியாக விசாரிக்கவேண்டும்.

இனி சீட்டுகளை அவிழ்க்கும் வேலை. வளையல்களுக்கு நகைக்கடையில் 11,000 வரை கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கணவரின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) ஃபிளெக்சிபெல் கணக்கில் 5,600 இருப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஓய்வுக்கால சேமிப்பில் கைவைக்க நான் சுலபத்தில் சொல்வதில்லை. ஆனால் 2024-க்கு இபிஎஃப் கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு, நீங்கள் அடகுக்கடைக்குக் கொடுப்பது 24. ஐயாயிரத்துக்கு அங்கே இழப்பது வருடம் 315, இங்கே மிச்சமாவது 1,200.

அந்த 5,000-ஐ எடுத்து, வட்டி பாக்கியையும் சேர்த்து வளையலை மீளுங்கள். மீட்கும்போது சீட்டில் எழுதிய எடையோடு ஒத்துப்பார்த்து வாங்குங்கள். அன்றே விற்றுவிடாமல் இரண்டு கடைகளில், 916 தங்கத்துக்கு அன்றைய கொள்முதல் விலை கிராமுக்கு எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று கேளுங்கள். எடையை உங்கள் கண்ணெதிரே போடச் சொல்லுங்கள். 11,000 கைக்கு வந்ததும் 6,000 கொடுத்துச் சங்கிலியை மீளுங்கள். மீதி 5,000-ஐ ஆரத்தின் அசலில் கட்டி, 2,000-க்குப் புதிய சீட்டாக மாற்றுங்கள். மாத வட்டி 360-லிருந்து 40-ஆக இறங்கிவிடும். கையில் ஐயாயிரம் இருக்கும்போது ‘இதை ஜூலைக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளலாமே’ என்று மனம் சொல்லும். வேண்டாம். அசலில் கட்டினால் மட்டுமே இந்தச் சுழற்சி நிற்கும்.

இதன்பின் மாதம் மிஞ்சுவது 1,110. கல்லூரிக்கு 917 போனால் 193. வேதியியல் டியூஷனுக்கு ஏழு வெள்ளி குறையும், அதை நீங்கள் சமாளித்துவிடுவீர்கள். கடைசி ஆண்டுத் தேர்வுக் கட்டணத்துக்குக் கணவரின் டிசம்பர் போனஸை இப்போதே ஒதுக்கிவையுங்கள், தீபாவளிக்கு முன்னாலேயே சொல்லி வையுங்கள். பட்டப்படிப்புக்கு அரசாங்கத்தின் பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் இருக்கிறது, வருடம் 1 விழுக்காடு சேவைக் கட்டணம். தனியார் பல்கலைக்கழகக் கட்டணம் முழுவதையும் அது அடைக்காது, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் தொகை. ஆனாலும் 24 விழுக்காட்டுக்கு நகையை வைத்து ஏ லெவல் படிக்கவைத்துவிட்டு, 1 விழுக்காட்டுக் கடன் கிடைக்கும் நேரத்தில் கையில் ஒன்றுமில்லாமல் நிற்பது தலைகீழான ஏற்பாடு.

கணவர் கைப்பேசிச் செயலியில் மாதம் 150-க்குத் தங்கம் வாங்குகிறார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதமே நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டுத் தங்கத்துக்கு 24 விழுக்காடு வட்டி கட்டிக்கொண்டு, மறுகையால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி வைத்து விற்கும் தங்கத்தை வாங்குவதில் ஒரு நியாயமும் இல்லை. இதுவரை சேர்ந்ததை விற்று ஆரத்தின் சீட்டில் கட்டட்டும். நாத்தனார் எடுக்கச் சொல்லும் மாதம் 250 வெள்ளி கல்விக் காப்புறுதித் திட்டமும் வேண்டாம். முதல் சில வருடங்களில் அந்தப் பிரீமியத்தில் ஒரு பகுதி கட்டணங்களுக்கும் கமிஷனுக்கும் போய், மிச்சம்தான் முதலீடாகும். ஒரு வருடத்தில் பல்கலைக்கழகம் போகப்போகும் பிள்ளைக்கு அது பெருக நேரமே கிடையாது. தங்க இடம் கொடுக்கிறாரே என்ற நன்றிக்காகக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மகள் அங்கே போகவில்லை என்று ஆனபின் மறுப்பதும் எளிது. ‘அண்ணி, ஏ.எஸ் முடிவு வரட்டும், கைக்கடன் எல்லாம் அடைந்தபின் பார்க்கலாம்’ என்பது போதும்.

கடைசியாகக் கொழுந்தனார். வளையல் அவருக்காக வைத்தது, பதினெட்டு மாத வட்டியை நீங்கள் கட்டியிருக்கிறீர்கள், இப்போது வளையலையே விற்கப்போகிறீர்கள். முழு ஐயாயிரத்தைக் கேட்டால் கடையில் வியாபாரம் சரியில்லை என்பார். அதனால் மாதம் 200 மட்டும் கேளுங்கள். நீங்கள் கேட்கவேண்டாம், கணவர் கேட்கட்டும், உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் வரட்டும். பத்து மாதம் வந்தால் 2,000 வெள்ளி, ஆரத்தின் சீட்டில் மீதி நிற்கும் அசலும் அதேதான். அந்தப் பத்து மாதத்துக்குள் ஒருமுறை ஆறு மாதக் கெடு வரும். அப்போது வட்டியை மட்டும் கட்டிச் சீட்டை மாற்றாமல், அதுவரை சேர்ந்ததை அசலில் கட்டி மீதிக்கு மட்டும் சீட்டு எழுதச் சொல்லுங்கள்.