சென்னையில் எங்கள் வீட்டு வாசலில், கார் நிறுத்தும் இடத்திலும் பக்கவாட்டுச் சந்திலும் பதித்த கல் தளத்தில் இடுக்குச் சிமெண்ட் பெயர்ந்து வருகிறது. நானே கலவை போட்டு அடைக்கலாமா? என்ன விகிதம்?

தாராளமாக அடைக்கலாம். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல். ஆனால் விகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் அடுத்த ஐப்பசி மழைக்கு இதே கேள்வியோடு திரும்பி வருவீர்கள். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சென்னை என்று எழுதியிருக்கிறீர்கள், என்ன கல் என்று சொல்லவில்லை. கார் நிறுத்தும் இடமும் பக்கவாட்டுச் சந்தும் என்றால் அநேகமாகத் தாண்டூர் அல்லது கடப்பாக் கல். கான்ட்ராக்டர் கடைசி நாளில் சிமெண்ட் பாலைக் கரைத்து ஊற்றி, துடைப்பத்தால் தள்ளிவிட்டுப் போயிருப்பார். நங்கநல்லூரில் எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. "இதுக்குப் போய் யாரும்மா கரண்டி வச்சுப் பூசுவாங்க, பால் ஊத்துனா அதுவா உள்ள போயிடும்" என்றார். போகும். ஆனால் மணலே சேராத அந்தத் தண்ணீர்ச் சிமெண்ட் காயும்போது சுருங்கி, கல் ஓரத்தை விட்டு மயிரிழை விலகும். அந்த வழியாக மழைத்தண்ணீர் இறங்கி அடியில் இருக்கும் மணலை அரிக்கும். எங்கள் வீட்டில் இதை முதலில் கண்டுபிடித்தது எறும்புகள். காலையில் வாசல் கூட்டினால் இடுக்கு நெடுகப் பொடி மணல் குவிந்து கிடக்கும்.

நான் எஞ்சினியர் இல்லை. பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சிவில் படித்தவர்கள் கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம். நான் சொல்வது வீட்டு வாசல் அளவுக்குத்தான். ஆனால் விகிதம் எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எனக்கே அந்தக் கான்ட்ராக்டர் "ஒண்ணுக்கு மூணும்மா" என்று விரலை மடக்கிப் பாடம் எடுத்துவிட்டு, சிமெண்டைச் சட்டியிலும் மணலை மண்வெட்டியிலும் அள்ளிப் போட்டார். இது எந்த ஊர் விகிதம்? இரண்டையும் ஒரே டப்பாவால் தலைதட்டி அளக்க வேண்டும். இன்னொன்று, ஈர மணல் உப்பி நிற்கும். உலர்ந்த மணலை விடக் கால் பங்கு வரைகூட அதிக இடம் பிடிக்கும். மூன்று டப்பா என்று நினைத்துப் போட்டது உண்மையில் மூன்றாக இருக்காது. மணலை உலர்த்தி, சலித்து, பிறகு அளவுங்கள். பி சாண்ட், அதாவது பூச்சு வேலைக்கென்று விற்கும் செயற்கை மணல், போதும்.

அந்த ஆளை அனுப்பிவிட்டுத் திருவண்ணாமலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டேன். முதலில் ஒவ்வொரு கல்லையும் கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டே போனார். 'டொப்' என்று சத்தம் வந்த கல்லெல்லாம் அடியில் காலி. அதைத் தூக்கித் திரும்பப் பதிக்காமல் இடுக்கை மட்டும் அடைப்பது வீண். அப்புறம் பழைய சிமெண்டை உளியால் 20 எம்.எம். ஆழத்துக்காவது சுரண்டி, பிரஷ் போட்டு, தூசி போகக் கழுவினார். மேலாக அரை இஞ்ச் பூசினால் அப்பளமாகப் பெயர்ந்து வரும். கல்லோடு கல்லை ஒட்டிப் போட்டு "ஜாயிண்டே தெரியாது பாருங்க" என்று பெருமைப்படுவார்களே, அங்கே கலவை இறங்க இடமே கிடையாது. வெயிலில் கிடக்கும் தளத்துக்கு 8 அல்லது 10 எம்.எம். இடைவெளி வேண்டும்.

கலவை கலந்தது அவர் கூட வந்த சித்தாள் அம்மா. இருபது வருஷத்துக்கு மேல் கலவை போடுகிறவர், கையில் யாரும் கரண்டி கொடுத்ததில்லை. அது தனிக் கதை. உலர்வாகவே நிறம் ஒன்றாகும்வரை புரட்டிவிட்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் சேர்த்தார். புட்டு மாவுப் பதம். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரல் இடுக்கில் நீர் கசியக் கூடாது. எங்கள் போர் தண்ணீரைத் தொடவே விடவில்லை. உப்புத் தண்ணீர் என்றால் காய்ந்ததும் வெள்ளையாகப் பூக்கும் என்றார். குடிக்கிற தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் தீரும் அளவுக்கு மட்டும் கலக்குங்கள். இறுகிய கலவையில் தண்ணீர் ஊற்றி உயிர் கொடுக்கும் வேலை வேண்டாம்.

இடுக்கை நனைத்து, தேங்கிய நீரை ஒற்றி எடுத்துவிட்டு, கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து அழுத்துங்கள். பெரியவர் ஒரு கம்பித் துண்டை வளைத்து வைத்துக்கொண்டு, இடுக்கில் அமுக்கி அமுக்கி இழுத்தார். கம்பி போன இடத்தில் கலவை பளபளவென்று இறுகி, கல் மட்டத்துக்கு ஒரு நூல் கீழே நின்றது. மேலே சிந்தியதை உடனே ஈரத்துணியால் துடைத்தால் கல் முழுக்கச் சாம்பல் அப்பிக்கொள்ளும். சற்று இறுகவிட்டுக் கரண்டியால் பெயர்த்தால் பொடியாக வந்துவிடும்.

கறை நின்றாலும் ஆசிட் மட்டும் ஊற்றாதீர்கள். தாண்டூரும் கடப்பாவும் சுண்ணாம்புக்கல் இனம். ஒரு சொட்டு பட்டாலே நுரைத்துப் பாலிஷ் போய்விடும். "கிரானைட்டுக்கு நாங்கள் ஊற்றுகிறோமே" என்று வருவீர்கள். கிரானைட் தாங்கினாலும், பக்கத்தில் இருக்கும் உங்கள் புதுக் கலவையை அது தின்னும். என் வாசலில் பழைய கான்ட்ராக்டர் ஊற்றிய இடம் இன்னும் வெளுத்துத்தான் கிடக்கிறது. சிமெண்டுக்குப் பதில் எபாக்சி என்ற ரசாயனப் பசைக் கலவை போடலாமே என்று கேட்பவர்கள் போட்டுக்கொள்ளட்டும், பணம் அவர்களுடையது.

இவ்வளவு செய்தும் கேட் ஓரத்து வரிசை மட்டும் எனக்கு நிற்பதில்லை. காரணம் கலவை அல்ல, தெரு. ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு, படியேறிப் போன எங்கள் வீடு இப்போது படியிறங்குகிற வீடாகிவிட்டது. மழைநாளில் தெருத் தண்ணீர் உள்ளே வந்து நிற்கிறது. கேட்டால் "நீங்க வாசலை ஒசத்திக்கோங்க" என்கிறார்கள். வாசலை உயர்த்தினால் ஹாலை யார் உயர்த்துவது? சரி, இது நீங்கள் கேட்டதில்லை.

அடைத்த பிறகு ஈரச் சாக்கு போட்டு ஏழு நாள் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை காரை வெளியே நிறுத்துங்கள். உச்சி வெயிலில் வேலையே வேண்டாம், சித்திரை வைகாசியில் தொடவே வேண்டாம். மழை ஓய்ந்து, பொங்கல் கழிந்ததும் ஆரம்பியுங்கள்.