படகு எஞ்சின் இக்னிஷன்: மேனுவல் கேட்கும் அளவுக் கருவிகள் கிடைக்காதபோது

கேள்வி: சிடிஐ இக்னிஷன் (கெபாசிட்டரில் சேர்த்த மின்சாரத்தைப் பாய்ச்சிப் பொறி உண்டாக்கும் முறை) உள்ள பழைய இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் ஒன்றைப் பராமரிக்கிறேன். சர்வீஸ் மேனுவல் பீக் வோல்ட்மீட்டர், டைமிங் கேஜ் என்று சில கருவிகளை எண்ணோடு குறிப்பிடுகிறது. அந்த எண்களில் இப்போது எதுவும் கிடைப்பதில்லை. சாதாரண மல்டிமீட்டரை வைத்தே சமாளிக்கலாமா? முடியாதென்றால் எதைத் தேடுவது?

பதில்: கருவியின் எண்ணை விட்டுவிட்டு, அது எதை அளக்கிறது என்று பாருங்கள். தேடல் பாதி சுருங்கிவிடும். இந்த வேலைக்கென்றே தனியாகத் தேட வேண்டியது பீக் வோல்டேஜ் கருவி ஒன்றைத்தான். மற்றவை லேத் பட்டறைக்காரர்களும் பைக் மெக்கானிக்குகளும் அன்றாடம் கையாளும் பொருட்கள்.

முதலில் மல்டிமீட்டர். அதன் ஏசி அளவு சீரான சைன் அலைக்காக அமைந்தது. சிடிஐக்கு மின்சாரம் தரும், ஸ்டேட்டரில் உள்ள சார்ஜ் காயில் தருவதோ குறுகிய துடிப்புகள். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே நீண்ட வெற்றிடம் உண்டு. மீட்டர் அந்த வெற்றிடத்தையும் சேர்த்துச் சராசரி காட்டும். 200 வோல்ட் உச்சம் உள்ள நல்ல ஸ்டேட்டர்கூட அதில் செத்தது போலத் தெரியும். இப்படித்தான் நல்ல ஸ்டேட்டர்கள் கழற்றி எறியப்படுகின்றன. சைன் அல்லாத அலைகளையும் அளக்கும் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டரும் உச்சத்தைக் காட்டாது. சாதாரண மினிமம்/மேக்ஸிமம் (MIN/MAX) பொத்தானுக்கும் வேகம் போதாது. மைக்ரோவிநாடி அளவிலான துடிப்பைப் பிடிக்கும் ‘பீக்’ வசதி உள்ள உயர்ரக மீட்டர் என்றால் பயன்படும்.

பழைய மேனுவல்களில் வரும் ஸ்டீவன்ஸ் சிடி-77, மெர்க்-ஓ-ட்ரானிக் 781 ஆகியவை உச்சத்தை நேரடியாகக் காட்டிய தனி மீட்டர்கள். இன்று அவற்றுக்கு மாற்று, மல்டிமீட்டரில் செருகும் டிவிஏ (DVA) அடாப்டர். ‘பீக் ரீடிங் அடாப்டர்’ என்றும் தேடலாம். படகு இக்னிஷன் பாகங்கள் விற்பவர்களிடம் இருக்கும். உள்ளே டயோடும் கெபாசிட்டரும்தான். துடிப்பின் உச்சத்தைக் கெபாசிட்டர் பிடித்துவைக்க, மல்டிமீட்டர் அதை டிசியாகப் படிக்கும். ஆகவே மீட்டரை டிசி வோல்ட்டில் வைக்க வேண்டும். ஏசியில் வைத்துவிட்டுக் குழம்புபவர்கள் நிறைய. மீட்டரின் உள்மின்தடை 10 மெகாஓம் இருக்கட்டும். அதைவிடக் குறைந்தால் பிடித்துவைத்த உச்சம் கசிந்து, அளவு குறைவாக வரும்.

வாங்கிய அடாப்டரைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஏசியில் 12 வோல்ட் காட்டும் சிறிய டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டில் இணைத்தால் 16 முதல் 17 வோல்ட் டிசி வர வேண்டும். நீங்களே செய்து பார்ப்பதானால் டயோடும் கெபாசிட்டரும் 1000 வோல்ட் தாங்குபவையாக இருக்கட்டும். அதை சார்ஜ் காயிலுக்கு மட்டும் நம்பலாம். பொறி எப்போது பாய வேண்டும் என்று சைகை தரும் ட்ரிக்கர் காயில் பல எஞ்சின்களில் சில வோல்ட்தான் தரும், சிலவற்றில் அதற்கும் குறைவு. அதில் சிலிக்கான் டயோடு மட்டும் 0.6 வோல்ட் அளவுக்கு விழுங்கிவிடும். ட்ரிக்கரை அளக்கக் கடையில் வாங்கிய அடாப்டரே வேண்டும்.

அளக்கும் முறையிலும் பிழை நுழையும். எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள். எஞ்சின் வேகமாகவும் ஒரே சீராகவும் சுழலும். பிளக் வயர்களைச் சும்மா தொங்கவிட்டால் பவர் பேக் (சிடிஐயின் மின்னணுப் பெட்டி) போய்விடலாம். ஒவ்வொன்றையும் எர்த் செய்யுங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், ஏனெனில் சுழற்சி மந்தமானால் வோல்டேஜும் விழும். சார்ஜ் காயிலை இரண்டு முறை அளவிடுங்கள்: ஒயரைப் பவர் பேக்கிலிருந்து கழற்றி ஒரு முறை, இணைத்து ஒரு முறை. கழற்றியபோதே குறைவென்றால் கோளாறு ஸ்டேட்டரில். கழற்றியபோது சரியாக இருந்து இணைத்ததும் விழுந்தால் பவர் பேக்கையோ எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் வயரையோ சந்தேகியுங்கள். ஸ்டாப் வயரைப் பிரித்துவிட்டு மீண்டும் அளந்தால் அந்த இரண்டில் எது என்பதும் தெரிந்துவிடும். எவ்வளவு வோல்ட் சரி என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதை மேனுவலில்தான் பார்க்க வேண்டும்.

ஓம் அளவை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். மேனுவல் தரும் மின்தடை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது. செம்பின் மின்தடை டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 40 டிகிரியில் உள்ள காயில் ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதலாகக் காட்டினால் அது கோளாறல்ல.

அடுத்து, பொறி பாயும்போது பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று அளக்கும் டைமிங் கேஜ். அது பிளக் துளையில் திருகும் அடாப்டரோடு கூடிய டயல் கேஜ்தான். இரண்டு ஸ்ட்ரோக் பைக்குகளுக்கு விற்கும் அதே பொருள். உங்கள் பிளக் மரை 14 மி.மீ.யா 18 மி.மீ.யா என்று பார்த்து வாங்குங்கள். 0.01 மி.மீ. வரை படிக்க வேண்டும். கூடவே முனை போதிய தூரம் நகர வேண்டும். டைமிங்கை மி.மீ.யிலோ அங்குலத்திலோ தரும் மாடல்களில் சிலவற்றுக்கு 10 மி.மீ. பயணம் போதாது, 25 மி.மீ. தேவைப்படும். பிளக் துளை சிலிண்டருக்குச் சாய்வாக இருந்தால் கேஜ் காட்டும் மி.மீ. பிஸ்டனின் உண்மையான நகர்வாகாது. அந்த எஞ்சினில் டயல் கேஜை டிடிசி (பிஸ்டனின் உச்ச நிலை) கண்டுபிடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, டைமிங்கை ஃப்ளைவீலின் டிகிரிக் கோடுகளில் பாருங்கள்.

டிடிசியைக் கண்டுபிடிப்பதிலேயே பலர் தவறுகிறார்கள். ஊசி திரும்பும் இடத்தை டிடிசி என்று குறித்துவிடுகிறார்கள். உச்சியில் பிஸ்டன் கிட்டத்தட்ட அசைவதே இல்லை. 70 மி.மீ. ஸ்ட்ரோக்கும் 120 மி.மீ. கனெக்டிங் ராடும் உள்ள எஞ்சினில், டிடிசிக்கு 2 டிகிரி முன்னால் பிஸ்டன் இறங்கியிருப்பது சுமார் 0.03 மி.மீ. மட்டும். அதே எஞ்சினில் 20 டிகிரி முன்னால் 2.7 மி.மீ. இறங்கியிருக்கும், அங்கே ஒவ்வொரு டிகிரிக்கும் 0.27 மி.மீ. நகரும். அதனால் உச்சிக்கு இருபுறமும் ஊசி ஒரே அளவைக் காட்டும் இரண்டு இடங்களை ஃப்ளைவீலில் குறித்து, நடுவை எடுங்கள். டயல் கேஜ் இல்லையென்றால் பிளக் துளையில் திருகும் பிஸ்டன் ஸ்டாப்பர் போதும்: இருபுறமும் முட்டும்வரை கையால் மெதுவாகச் சுழற்றி, இரண்டு குறிகளின் நடுவைக் கண்டுபிடியுங்கள். ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது, பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜில் இரண்டு வகை தேவைப்படும். பாயிண்ட் (மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனை) உள்ள பழைய எஞ்சினுக்கு எஃகு போதும். பல பழைய ஜான்சன், எவின்ரூட் எஞ்சின்களில் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது 0.5 மி.மீ. தகட்டின் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டே நுழையுங்கள். அந்த எண்ணெய் பாயிண்ட்டில் ஒட்டினால் கருகி மின்னோட்டத்தைத் தடுக்கும். காந்தத்தை ஒட்டிய ட்ரிக்கர் இடைவெளிக்குப் பித்தளை ஃபீலர் கேஜ் வாங்குங்கள். எஃகுத் தகட்டைக் காந்தம் இழுத்துக்கொள்ளும், கைக்குப் பிடிமானம் தெரியாது.

ஃப்ளைவீலைக் கழற்ற, அதிலுள்ள போல்ட் துளைகளில் மாட்டும் புல்லரைத் தேடுங்கள். விளிம்பைக் கவ்வும் புல்லர் காந்தங்களை உடைக்கும், ரிங் கியரையும் கெடுக்கும். கழற்றியதும், ஃப்ளைவீலைத் தண்டோடு நகராமல் பிணைக்கும் சிறு உலோகச் சாவியைப் (கீ) பாருங்கள். அது லேசாக வெட்டுப்பட்டிருந்தால் எந்தக் கேஜாலும் டைமிங் சரியாகாது.

படகின் உள்ளறையில் பொருத்திய பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் திறந்த இடைவெளியில் பொறி பறக்கும் ஸ்பார்க் டெஸ்டரை அங்கே பயன்படுத்தாதீர்கள். தேங்கிய ஆவி பற்றிக்கொள்ளும். மூடிய குழாய்வகை டெஸ்டரே வேண்டும். சோதனைக்கு முன் பில்ஜ் புளோயரை (படகின் அடியறையில் தேங்கும் ஆவியை வெளியேற்றும் விசிறி) 4 நிமிடமாவது ஓட்டி, பெட்ரோல் வாடை இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே எஞ்சினைச் சுழற்றுங்கள்.