நிரம்பாத செப்டிக் டேங்க் நல்ல டேங்க்தானா?

கேள்வி: பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கட்டிய ஒரு வீட்டை அண்மையில் வாங்கினோம். செப்டிக் டேங்க் ஒருமுறைகூட நிரம்பியதில்லை, அதனால் சுத்தம் செய்ததே இல்லை என்கிறார் முந்தைய உரிமையாளர். அதிலிருந்து வரும் குழாய் பக்கத்து ஓடையில் விடப்பட்டிருக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. ஒழுங்காக வேலை செய்யும் செப்டிக் டேங்க் எப்போதும் வெளியேற்றுக் குழாயின் மட்டம் வரை நிரம்பியே இருக்கும். உள்ளே எவ்வளவு நீர் வருகிறதோ அவ்வளவு நீர் வெளியே போகும். மூடியைத் திறந்து பார்க்கும்போது நீர்மட்டம் அந்தக் குழாய்க்கு வெகு கீழே இருந்தால், தொட்டி கசிகிறது அல்லது அடித்தளமே போடப்படவில்லை என்று பொருள். குழாய் மட்டத்தில் நின்றால், இத்தனை ஆண்டுகளாக எல்லாமே ஓடைக்குப் போயிருக்கிறது.

கழிவுநீரைச் சுத்திகரிப்பதில் பாதி வேலையைத்தான் தொட்டி செய்கிறது. கனமானவை அடியில் கசடாகப் படிகின்றன, எண்ணெய்ப்பசை மேலே ஏடாக மிதக்கிறது, இடையிலுள்ள நீர் வெளியேறுகிறது. காற்றில்லாச் சூழலில் வாழும் பாக்டீரியாக்கள் கசடின் ஒரு பகுதியைச் செரித்தாலும் மீதி சேர்ந்துகொண்டே போகும். சேரச் சேர நீர் தங்கித் தெளிவதற்கு இடமில்லாமல் கசடும் வெளியே அடித்துச் செல்லப்படும். தெளிந்ததாகத் தோன்றும் நீரிலும் நோய்க்கிருமிகளும் அம்மோனியாவும் ஏராளமாக இருக்கும். அவற்றைக் குறைக்கும் மறுபாதி வேலையை, நீர் ஊறி இறங்கும் மண் செய்கிறது. உங்கள் வீட்டில் அந்த மண்ணே இல்லை.

அதனால்தான் சட்டங்கள் தொட்டியோடு நில்லாமல், அதன் நீர் எங்கே போகிறது என்றும் கேட்கின்றன. இங்கிலாந்தில் 2020 ஜனவரி 1 முதல் செப்டிக் டேங்க் நீரை நேரடியாக ஆற்றிலோ ஓடையிலோ விடுவதை விதிகள் அனுமதிப்பதில்லை. அயர்லாந்தின் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய அமைப்புகளைப் பதிவு செய்யச் சொல்வதோடு ஆய்வுக்கும் உட்படுத்துகிறது. இந்தியாவின் 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம், மாசுபடுத்தும் பொருளைத் தெரிந்தே நீர்நிலையில் விடுவதைத் தடைசெய்கிறது. முன்னவர் போட்ட குழாய் என்பது உங்களைக் காப்பாற்றும் என நம்ப வேண்டாம். இப்போது அதைப் பயன்படுத்துபவர் நீங்கள்.

முதலில் கழிவுநீர் லாரியை வரவழைத்துக் கசடை எடுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வும், மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடு நீக்கமும் தேவை என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பொதுவான பரிந்துரை. தொட்டி காலியாக இருக்கும்போதே சுவர் விரிசலையும் தடுப்புச் சுவரையும், ஏடு வெளியேறாமல் காக்கும் 'டி' வடிவக் குழாயையும் விளக்கடித்து மேலிருந்து பார்த்துவிடலாம். பாக்டீரியாப் பொடி எதுவும் வேண்டாம். தேவையானவை கழிவோடு தாமாகவே வரும்.

இந்த வேலையில் யாரையும் தொட்டிக்குள் இறங்க விடாதீர்கள். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு மிகும்போது மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றமில்லை என்று நம்பி இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்தே இறந்துபோகிறார்கள். போதிய பாதுகாப்புக் கருவிகளின்றி ஆளை இறக்குவது இந்தியாவில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

அடுத்தது ஓடைக் குழாய். தெருவில் பாதாளச் சாக்கடை இருந்தால் இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். அதுவே சிறந்த வழி. இல்லையெனில் உள்ளாட்சி அமைப்பின் ஒப்புதலோடு, தொட்டி நீரை மண்ணுக்குள் ஊறி இறங்கச் செய்யும் உறிஞ்சு களம் அமைக்கலாம். ஆனால் களிமண் நிலத்திலும் நிலத்தடி நீர் மேலாக நிற்கும் இடத்திலும் அது பயன்தராது. அங்கே காற்றூட்டிச் சுத்திகரிக்கும் சிறு அமைப்பு வேண்டியிருக்கும். எனவே மண்ணின் உறிஞ்சும் திறனைச் சோதித்து, கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி அமைக்க வேண்டும் என்ற உள்ளூர் விதியையும் பார்த்த பிறகே செலவில் இறங்குங்கள்.

லாரி புறப்படும் முன், கசடு எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்று கேட்டு ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.