மகனுக்கும் எனக்கும் நடுவில் எத்தனை மில்லி செகண்ட்?

கேள்வி: எனக்கு 46 வயது. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனோடு சேர்ந்து வாலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறேன். அவன் தன் அறையில் மானிட்டரில் ஆடுவான். நான் ஹாலில் லேப்டாப்பை டிவியோடு இணைத்து, ப்ளூடூத் ஹெட்போன் போட்டுக்கொண்டு ஆடுவேன். எதிரியைப் பார்த்து க்ளிக் செய்வதற்குள் என் கதை முடிந்துவிடுகிறது. "அப்பா, உங்க ரியாக்‌ஷன் ஸ்லோ" என்கிறான். வயதுதான் காரணமா? பயிற்சி எடுத்தால் சரியாகுமா, விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். முதலில் ஒரு 30 சென்டிமீட்டர் ஸ்கேலை எடுங்கள். மகன் அதன் மேல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடட்டும். கீழே பூஜ்ஜியக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் உங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஸ்கேலைத் தொடாமல் காத்திருக்கட்டும். அவன் சொல்லாமல் கொள்ளாமல் விட வேண்டும், நீங்கள் பிடிக்க வேண்டும். எந்தக் கோட்டில் பிடித்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து முறை செய்து சராசரி பாருங்கள். அப்புறம் அவன் பிடிக்கட்டும், நீங்கள் விடுங்கள்.

15 செ.மீ.யில் பிடித்தால் சுமார் 175 மில்லி செகண்ட். 20 செ.மீ. என்றால் 200, 25 என்றால் 225. அதாவது உங்கள் இருவருக்கும் நடுவே ஐந்து செ.மீ. வித்தியாசம் வந்தாலும், அது வெறும் 25 மில்லி செகண்ட்தான். ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு.

இப்போது உங்கள் ஹாலுக்கு வருவோம். டிவி தனக்கு வரும் படத்தை மெருகேற்றித்தான் காட்டும். அந்த மெருகேற்றலைக் குறைக்கும் கேம் மோடு போடாத பல டிவிகளில் இதற்கே 50 முதல் 100 மில்லி செகண்ட் போய்விடும். ப்ளூடூத் ஹெட்போனில் சத்தம் சாதாரணமாக 100, 200 மில்லி செகண்ட் தாமதமாக வரும். எதிரியின் காலடிச் சத்தம் உங்கள் காதில் விழும்போது அவன் ஓரடி ஈரடி முன்னால் வந்திருப்பான். உங்கள் வயது உங்களிடமிருந்து எடுத்ததைப் போலப் பல மடங்கை இந்த இரண்டு பொருளும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. டிவி செட்டிங்கில் கேம் மோடைப் போடுங்கள், ஒயர் உள்ள ஹெட்போனுக்கு மாறுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை. முடிந்தால் 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 முறை படம் மாற்றும் மானிட்டர் வாங்கலாம். 60 ஹெர்ட்ஸில் 16.7 மில்லி செகண்டுக்கு ஒருமுறை வரும் படம், அதில் 7-க்கு ஒருமுறை வரும். வாங்கினால் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கிலும் 144 என்று மாற்றுங்கள். வாங்கிவிட்டு 60-லேயே விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

சரி, வயதுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல், 16 முதல் 44 வயது வரையிலான 3,305 பேர் ஆடிய ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற போர் வியூகக் கம்ப்யூட்டர் கேமின் ஆட்டப் பதிவுகளை அலசினார்கள். புதிய காட்சியைப் பார்த்ததிலிருந்து முதல் செயலைச் செய்யும் வரை ஆகும் நேரம் 24 வயதுக்குப் பிறகே மெல்ல நீள ஆரம்பிக்கிறது. கைதேர்ந்தவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் வயதில் மூத்தவர்கள் ஷார்ட்கட் வசதிகளை அதிகம் பயன்படுத்தி, வேலையைச் சுருக்கிக்கொண்டு, அந்த இழப்பை ஈடுகட்டினார்கள்.

2022-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதில் நேரங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். மூளை தகவலை அலசும் வேகம் 60 வயது வாக்கில்தான் குறையத் தொடங்குகிறது. அதற்கு முன்பே நாம் மெதுவாகத் தெரிவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, தவறு செய்யக்கூடாது என்ற எச்சரிக்கை கூடுகிறது. மற்றொன்று, கண்ணும் கையும் தம் பங்கு வேலைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கின்றன. "இவன் எதிரிதானா?" என்று உறுதி செய்துகொண்டு சுடுகிறீர்களே, அந்தத் தயக்கம் அனுபவம் தந்த நிதானம். விளையாட்டில் அதைத் தளர்த்திப் பாருங்கள்.

கண்ணையும் கவனியுங்கள். 46 வயதில் வெள்ளெழுத்து வந்திருக்கும். படிக்கும் கண்ணாடி சுமார் 40 செ.மீ. தூரத்துக்குப் போட்டது, மானிட்டருக்கு மாறினால் அது 60, 70 செ.மீ. தள்ளி இருக்கும். கண் பரிசோதனைக்குப் போகும்போது அந்தத் தூரத்தை அளந்து சொல்லிக் கண்ணாடி கேளுங்கள். ஸ்கேல் சோதனையை ஞாயிறு காலையிலும், வேலை முடிந்த இரவு 11 மணிக்கும் செய்து பாருங்கள். தூக்கம் கெட்டால் எண் ஏறும். தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரை போட்ட நாளிலும் ஏறும். ஆனால் ஒரு கை மட்டும் திடீரென மந்தமானாலோ, நடுங்கினாலோ, சட்டைப் பொத்தான் போடுவதே சிரமமானாலோ தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

பயிற்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிறம் மாறியதும் க்ளிக் செய்யும் இணையச் சோதனைகளில் மணிக்கணக்காக உட்கார்ந்தால் அந்தச் சோதனையில்தான் தேறுவீர்கள். எதிரி எங்கே வருவான் என்று முன்கூட்டியே கணிக்கப் பழகுவதுதான் பலன் தரும். 2004-ல் ஈவோ என்ற சண்டை கேம் போட்டியில் ஜப்பானின் டைகோ உமெஹாரா, ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆட்டத்தில் உயிர்ப்பட்டை ஏறக்குறையக் காலியான நிலையில் எதிராளியின் 15 அடிகளையும் தடுத்தாரே, அதில் முதல் அடியைப் பார்த்த பிறகு தடுக்க நேரமே கிடையாது. வரும் என்று கணித்துத்தான் தடுத்தார். நாற்பதைத் தாண்டியும் அவர் போட்டிகளில் ஆடினார்.

வாலரண்டில் இதை இப்படிச் செய்யலாம். மூலை திரும்புவதற்கு முன்பே குறியைத் தலை உயரத்தில், ஆள் தோன்றக்கூடிய விளிம்பில் வைத்து நடங்கள். பலர் தரையைக் குறிவைத்து ஓடுவார்கள். ஆள் தெரிந்ததும் குறியை மேலே ஏற்றிச் சுடுவதற்குள் அவர்கள் ஆட்டம் முடிந்துவிடும். குறி முன்பே சரியான இடத்தில் இருந்தால் விரலை மட்டும் அழுத்தினால் போதும். ஒரு வாரம் உங்கள் ஆட்டத்தைப் பதிவு செய்து, நீங்கள் விழுந்த ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, எதிரி தெரிந்த நொடியில் குறி எங்கே இருந்தது என்று மகனோடு உட்கார்ந்து பாருங்கள். எந்த மூலையில் யார் ஒளிவார்கள் என்பதை அவனே உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பான்.