ஸ்டாஃப் ரிக்கற்றில் திருகோணமலைக்குக் கல்யாணத்துக்குப் போகலாமா?

தம்பி, உப்புவெளியிலிருந்து வந்து லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம், ஓகஸ்ட்டில் ஊரில் தங்கச்சிக்குக் கல்யாணம், எயார்லைன்ஸ் வேலையாட்களுக்குச் சலுகை விலையில் தரும் ஸ்டாஃப் ரிக்கற்றில் போய்வரலாமா, திரும்பும்போது அம்மாவையும் அப்படியே கூட்டிவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்யாணத்துக்கு முழுக் காசு கொடுத்து ரிக்கற் வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் உங்கள் சம்பளச் சீட்டில் எந்தக் கம்பனியின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சட்டையில் எயார்லைன்ஸின் சின்னம் இருக்கும், ஆனால் சம்பளம் தருவது பெட்டி ஏற்றி இறக்குகிற, செக்-இன் பார்க்கிற ஒப்பந்தக் கம்பனியாக இருக்கும். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சலுகை வேறு மாதிரி, சிலருக்கு இல்லவே இல்லை. எயார்லைன்ஸிலேயே நேரே சேர்ந்திருந்தாலும் ப்ரோபேஷன் என்ற தகுதிகாண் காலம் முடியும்வரை தராத இடங்கள் உண்டு. இதையெல்லாம் மனேஜரிடம் கேளுங்கள், சாப்பாட்டு அறையில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

காசு விஷயம். சொந்தக் கம்பனி விமானத்தில் பெரும்பாலும் ஐடி90 என்ற வகை கிடைக்கும், முழுக் கட்டணத்தில் 90 வீதம் கழிவு. வேறு எயார்லைன்ஸில் போவதானால் ‘ஸெட்’ கட்டணம், தூரத்தை வலயங்களாகப் பிரித்து அதற்கென்று வைத்திருக்கும் தொகை, அதுவும் இரண்டு கம்பனிக்கும் இடையில் ஒப்பந்தம் இருந்தால்தான். பல கம்பனிகளில் இதைப் பதிவது மைஐடிட்ராவல் என்ற தளத்தில். வரிக்கு மட்டும் கழிவே கிடையாது. லண்டனிலிருந்து கொழும்புக்குப் பறக்க பிரித்தானியாவின் விமானப் பயணிகள் வரி எக்கனமியில் 2025 ஏப்ரல் முதல் 90 பவுண்ட், 2026 ஏப்ரல் முதல் 102 பவுண்ட். ஆசைப்பட்டு பிசினஸ் வகுப்பில் பதிந்தீர்கள் என்றால் அந்த வரியே இரண்டு மடங்குக்கு மேல் போகும். கூட்டிப் பார்த்தால் மலிவுதான், ஆனால் ஊரில் சொல்வது போல ஓசி இல்லை.

இனி வரிசை. காசு கொடுத்த பயணிகள் எல்லோரும் ஏறி, முந்தைய பிளைட்டைத் தவறவிட்டு இதில் இடம் கேட்டு நிற்பவர்களும் ஏறி, அதன்பிறகு மிஞ்சுகிற சீட்தான் எங்களுக்கு. அந்த மிச்சத்துக்குள்ளும் மேல் கீழ் இருக்கிறது. கம்பனி வேலையாகப் போகிறவர்கள் முன்னுக்கு. 2017 ஏப்ரலில் சிக்காகோவில் யுனைட்டெட் விமானத்திலிருந்து ஒரு பயணியை இழுத்து இறக்கிய வீடியோ உலகம் முழுக்க ஓடியது, பார்த்திருப்பீர்கள். லூயிவில் போய் அடுத்த விமானத்தில் வேலை செய்ய வேண்டிய நாலு பணியாளர்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவும் நடந்தது. காசு கொடுத்தவருக்கே அந்த நிலை என்றால் லீவில் போகிற நாங்கள் எங்கே நிற்போம்? வேலையாகப் போகிறவர்களுக்குப் பிறகு அந்தக் கம்பனியின் ஆட்களும் குடும்பமும், ஓய்வு பெற்றவர்கள், பெற்றோர், நண்பர்கள் என்று கம்பனிக்குக் கம்பனி ஒரு ஒழுங்கு இருக்கும். வேறு எயார்லைன்ஸ்காரர் கடைசி. ஒரே படியில் நிற்பவர்களுக்குள் யார் முன்னால் என்பதும் ஒன்றுபோல இல்லை. அமெரிக்காவில் யுனைட்டெட் வேலையில் சேர்ந்த தேதியைப் பார்க்கும், அமெரிக்கன் எயார்லைன்ஸ் செக்-இன் செய்த நேரத்தைப் பார்க்கும். சேர்ந்த தேதியைப் பார்க்கிற கம்பனி என்றால் ஆறு மாதக்காரருக்குப் பின்னால் நிற்க ஆள் இருக்காது. எங்கள் கல்யாண வீடுகளில் பரிமாறுகிற வீட்டுக்காரர் கடைசிப் பந்தியில் இருப்பார்களே, அதுதான் எங்கள் இடம். பந்தியில் வடை முடிந்துவிட்டது என்று சண்டை பிடிக்கவும் முடியாது.

சீட் காலியாகத் தெரிந்தாலும் கிடைக்கும் என்றில்லை. தூரப் பயணத்தில் எரிபொருளும் கார்கோவும் சேர்ந்து எடைக் கணக்கு இறுகினால், கண்ணுக்கு முன்னால் சீட் வெறுமையாகப் போகும், உங்களை ஏற்றமாட்டார்கள். பெயர் கூப்பிடுவது செக்-இன் மூடிய பிறகு, அதாவது கிட்டத்தட்டப் புறப்பட ஒரு மணித்தியாலம் இருக்கும்போதுதான். ஸ்டாஃப்ட்ராவலர் என்ற ஆப்பில் கேட்டால் அந்தந்த எயார்லைன்ஸில் இருப்பவர்கள் எத்தனை சீட் இருக்கிறது, எத்தனை பேர் ஸ்டாண்ட்பையில், அதாவது மிஞ்சுகிற சீட்டுக்குக் காத்து, நிற்கிறார்கள் என்று சொல்வார்கள். உதவியான சாமான். ஆனால் முதல்நாள் இரவு பார்த்த எண்ணிக்கை அடுத்தநாள் மத்தியானம் அப்படியே இருக்காது, எங்கோ ஒரு பிளைட் ரத்தானால் போதும்.

லண்டனில் ஏற முடியாவிட்டால் பெரிய பிரச்சினை இல்லை, ட்ரெயின் எடுத்து வீட்டுக்குப் போய் நாளைக்கு வரலாம். திரும்பி வருவதுதான் வில்லங்கம். திருகோணமலைக்குப் பக்கத்தில் சீனக்குடாவில் ஓடுபாதை இருந்தாலும் எங்களுக்கு வழி கொழும்புப் பக்கம் இருக்கிற கட்டுநாயக்கா விமான நிலையம்தான். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று வான் வண்டியில் ஆறு மணித்தியாலம். கொழும்பில் வீடு இருப்பவர் ஸ்டாண்ட்பைப் பட்டியலைப் பார்த்து வெளிக்கிடலாம், திருகோணமலைக்காரர் பட்டியல் தெளிவாகும் முன்பே வெளிக்கிட வேண்டும். போய்ச் சேர்ந்து இடமில்லை என்றால் திரும்ப ஊருக்குப் போவீர்களா? நீர்கொழும்பில் ஒரு அறை எடுத்து, அடுத்தநாள், அதற்கடுத்த நாள் என்று நிற்க வேண்டும். மூன்றாம் நாள் பொறுமை போய் அவசர ரிக்கற் ஒன்று வாங்கினால் மிச்சம் பிடித்த காசு முழுவதும் அதில் போய்விடும். அதற்குள் ரோஸ்டரில், அதாவது வேலை அட்டவணையில், உங்கள் ஷிஃப்ட் வந்திருக்கும். வேலைக்கு வராததற்கு “பிளைட்டில் இடம் கிடைக்கவில்லை” என்பதை ஒரு காரணமாக எந்த எயார்லைன்ஸும் எடுக்காது, அவர்களுக்குத்தான் அந்த விளையாட்டு நன்றாகத் தெரியுமே. ஆகவே ஸ்டாண்ட்பையில் ஊருக்குப் போனால் வேலைக்கு மூன்று நாலு நாள் முன்பே திரும்பி வரத் தொடங்குங்கள், வங்கிக் கார்டில் ஒரு முழு ரிக்கற்றுக்குக் காசும் வைத்திருங்கள்.

டோஹா, துபாய் வழியாக என்றால் இதே சூதாட்டம் இரண்டு தரம். நடுவில் மாட்டினால், இலங்கைப் பாஸ்போட்டோடு வெளியே வர விசா வேண்டுமா என்று முதலே பார்த்து வையுங்கள். சென்னை வழியாக யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இறங்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அதற்கு இந்திய விசாவும் வேண்டியிருக்கலாம், பலாலிக்கு வருவது சின்ன ஏடிஆர் விமானம், அந்தத் துண்டுக்கு ஸ்டாண்ட்பை பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஒன்று பலருக்குத் தெரியாது. பிளைட் தாமதமானால், ரத்தானால் ஐரோப்பிய, பிரித்தானிய விதிகளின்படி பயணிக்கு நட்டஈடு, சாப்பாடு, ஹொட்டேல் எல்லாம் உண்டு. பொதுமக்களுக்குக் கிடைக்காத குறைந்த கட்டணத்தில் போகிறவருக்கு அந்த விதியே பொருந்தாது. எல்லாம் உங்கள் செலவு.

ஓகஸ்ட் என்பது பள்ளிக்கூட விடுமுறை, நல்லூர்த் திருவிழா, நிலாவெளிக்கு வரும் வெள்ளைக்காரர் என்று எல்லாம் ஒன்றாகச் சேரும் காலம். ஜூலை கடைசியில் லண்டனிலிருந்து போகிற விமானமும் ஓகஸ்ட் கடைசியில் திரும்புகிற விமானமும் நிரம்பி வழியும். டிசம்பர் நடுப்பகுதியும் அதே கதை. உங்கள் சலுகையை மே, ஜூனுக்கு வைத்திருங்கள். ஊரில் கடல் அமைதியாக இருக்கும், விமானத்திலும் இடம் இருக்கும், தங்கச்சி வீட்டு விருந்துக்கு ஆறுதலாகப் போய் இருந்துவிட்டு வரலாம். கைப்பையோடு மட்டும் போங்கள். இங்கே சொந்தக்காரர் கொண்டுவந்து தரும் பார்சல்களை வாங்காதீர்கள், கடைசி நிமிடத்தில் ஏறுகிறவருக்கு இரண்டு பெரிய பெட்டி சரிவராது.

உடுப்பிலும் கவனம். 2017 மார்ச்சில் டென்வரில் ஸ்டாஃப் பாஸில் வந்த இரண்டு பிள்ளைகளை லெக்கின்ஸ் போட்டிருந்ததற்காக யுனைட்டெட் ஏற்றவில்லை, காசு கொடுத்த பயணிக்கு அந்தச் சட்டம் இல்லை. கேற்றில் நிற்பவரிடம் போய் மூன்று தரம் “என்ன மாதிரி?” என்று கேட்காதீர்கள், பெயர் வந்தால் கூப்பிடுவார்கள். அப்புறம், நீங்கள் எயார்லைன்ஸில் வேலை என்று தெரிந்ததும் ஒன்றுவிட்ட மச்சான் ஒருவர் கட்டாயம் போன் எடுப்பார், நண்பர்களுக்குத் தரும் பாஸை அரை விலைக்குக் கேட்பார். விற்றால் சலுகை போவதோடு நிற்காது, வேலையும் போகும். மச்சானுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

அம்மாவை ஸ்டாண்ட்பையில் கூட்டிவர வேண்டாம். பெற்றோரைப் பதிய விடும் கம்பனிகள் இருக்கின்றன, ஆனால் பல இடங்களில் அவர்கள் உங்களையும் விடக் கீழே. நீங்கள் ஏறி அம்மா ஏறாமல் நின்றால் என்ன செய்வீர்கள்? விசிட்டர் விசா கைக்கு வந்த பிறகு கொழும்பு - லண்டன் நேரடி விமானத்தில் அவருக்கு உறுதியான ரிக்கற் போடுங்கள், சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று வாங்கும்போதே பதியுங்கள். கல்யாணம் முடிந்த கையோடு வேண்டாம், கல்யாண வீடு ஓய்ந்து அவர் கொஞ்சம் இளைப்பாறிய பிறகு, ஒக்டோபர் போல வந்தால் ரிக்கற் விலையும் இறங்கியிருக்கும்.